வங்க ரசாயனம் – 9: முட்டியும் ஒட்டாதவை

சென்ற இதழில் பிரபுல்ல சந்திர ராயைக் கல்கத்தாவின் பிரெசிடென்சி கல்லூரி ஆய்வுக்கூடத்தில், பாதரச நைட்ரைட்டின் மஞ்சள் படிகங்களுக்கு முன்னால் நிறுத்திவிட்டு வந்தோம். அது 1896. இந்த இதழில் இருபது ஆண்டுகளை ஒரே எட்டில் தாண்டுகிறோம். ராய்க்கு இப்போது ஐம்பத்தைந்து வயது. பிரெசிடென்சியை விட்டு, அப்பர் சர்குலர் ரோடு 92-ஆம் எண்ணில் எழுந்த பல்கலைக்கழக அறிவியல் கல்லூரிக்கு வந்துவிட்டார். 1944-ல் சாகும்வரை அந்தக் கட்டடத்தில் ஓர் அறையில்தான் குடியிருக்கப்போகிறார்.

ராயின் தலைமுறை கேட்ட கேள்வி, எதை எதனோடு சேர்த்தால் எது கிடைக்கும் என்பது. அவருடைய மாணவர்கள் பிடித்துக்கொண்ட கேள்வி வேறு. சேர்கிறது, சரி, எவ்வளவு வேகத்தில் சேர்கிறது? ஏன் அந்த வேகம்? அதைவிடக் கூடவோ குறையவோ இல்லாமல் அதே வேகம் ஏன்?

இந்தக் கேள்வியின் வேர் ஐரோப்பாவில் இருக்கிறது. அங்கே கொஞ்சம் போய்வர வேண்டும்.

சாதாரண அறையில் மிதக்கும் ஒரு நைட்ரஜன் மூலக்கூறு, நொடிக்குச் சுமார் 470 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆனால் எங்கேயும் போய்ச் சேர்வதில்லை. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட நகர்வதற்குள் இன்னொரு மூலக்கூறின்மேல் முட்டிக்கொள்கிறது. நொடிக்கு ஏறத்தாழ 700 கோடி முட்டல்கள். மூலக்கூறுகள் சந்தித்தால்தான் வினை நடக்கும் என்பது உண்மையானால், சந்திப்புக்குப் பஞ்சமே இல்லை. முட்டியதெல்லாம் வினைபுரிவதாக இருந்தால், வாயுக்களைக் கலந்த கணத்திலேயே எல்லா வினைகளும் வெடிப்பாக முடிந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லையே!

இன்னொரு சிக்கலும் இருந்தது. வெப்பத்தைப் பத்து டிகிரி கூட்டினால் பல வினைகளின் வேகம் இரட்டிக்கிறது, சிலவற்றில் மும்மடங்காகிறது. ஆனால் அந்தப் பத்து டிகிரியில் மூலக்கூறுகள் முட்டிக்கொள்ளும் எண்ணிக்கை நூற்றுக்கு இரண்டுகூட ஏறுவதில்லை. முட்டல் இரண்டு சதவீதம் கூடினால் விளைவு நூறு சதவீதம் கூடுமா? கணக்கு உதைக்கிறது.

ஸ்வீடன்காரர் அர்ரீனியஸ் 1889-ல் இதற்கு ஒரு வழி சொன்னார். அமிலத்தில் கரும்புச் சர்க்கரை உடையும் வேகத்தை ஆராய்ந்தவர் அவர். எல்லா மூலக்கூறும் வினைக்குத் தயாராக இல்லை, குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆற்றல் உள்ளவை மட்டுமே தயார் என்றார். நம் பாடநூல்கள் கிளர்வு ஆற்றல் என்று எழுதுவது இந்த வாசலின் உயரத்தைத்தான். வெப்பம் ஏறும்போது சராசரி வேகம் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் வாசலைத் தாண்டக்கூடிய அந்தச் சிறுபான்மையின் தொகை சட்டென்று பெருகிவிடுகிறது. இரண்டு சதவீதம் நூறு சதவீதமான ரகசியம் அதுதான்.

அந்தக் கருத்தை எண்ணிக்கையாக்கிச் சோதித்தவர்கள் இருவர். ஜெர்மனியில் மேக்ஸ் டிராவுட்ஸ், 1916. இங்கிலாந்தின் லிவர்பூலில் வில்லியம் லூயிஸ், 1918. நடுவே உலகப் போர். எதிரி நாட்டு ஆய்விதழ்கள் எல்லை தாண்டாத காலம். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாமலேயே இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். லூயிஸ் எடுத்துக்கொண்டது ஹைட்ரஜன் அயோடைடு. 1890-களில் போடன்ஸ்டைன் என்ற ஜெர்மானியர் அந்த வாயுவைக் கண்ணாடிக் குமிழ்களில் அடைத்து, கொதிக்கும் பாதரசம், கொதிக்கும் கந்தகம் ஆகியவற்றின் ஆவியில் வைத்துப் பொறுமையாக அளந்து வைத்திருந்தார். லூயிஸ் மூலக்கூறின் பருமனை வாயுவின் பிசுப்பிலிருந்து கணக்கிட்டார். அதிலிருந்து நொடிக்கு எத்தனை முட்டல் என்று கண்டார். அதில் எத்தனை முட்டல் வாசலைத் தாண்டும் என்று அர்ரீனியஸ் வழியில் பெருக்கினார். வந்த விடை போடன்ஸ்டைனின் அளவோடு ஏறத்தாழ அப்படியே பொருந்தியது. 283 டிகிரி செல்சியஸில், சுமார் இரண்டாயிரம் கோடி கோடி முட்டல்களுக்கு ஒன்றுதான் பலிக்கிறது. மற்றவை எல்லாம் முட்டிக்கொண்டு விலகிப் போகின்றன.

அவ்வளவு அழகாகப் பொருந்தியது ஓரளவு அதிர்ஷ்டம் என்பது பின்னால் தெரிந்தது. சிக்கலான வடிவமுள்ள மூலக்கூறுகள் சரியான பக்கமாகத் திரும்பி முட்டினால்தான் ஒட்டும். அவற்றில் சில, லூயிஸின் கணக்கைவிட லட்சம் மடங்கு மெதுவாக நடந்தன. அந்தக் கதை 1930-களுக்கு உரியது. நாம் கல்கத்தாவுக்குத் திரும்புவோம்.

*

1914 மார்ச் 27 அன்று பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜி அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். பணம் கொடுத்தவர்கள் தாரக்நாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் என்ற இரண்டு வழக்கறிஞர்கள். பேராசிரியர் இருக்கைகளில் இந்தியர்கள் மட்டுமே அமர வேண்டும் என்பது நிபந்தனை. ரசாயனத்துக்கான பாலித் இருக்கையில் ராய் அமர்ந்தார். இயற்பியலுக்கான பாலித் இருக்கைக்கு 1917-ல் வந்தவர், நிதித்துறையின் கைநிறைந்த சம்பளத்தை உதறிய நம் ஊர்க்காரர் சி.வி. ராமன். அவரும் அப்போது மோதலைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார், வேறு அளவில். உருண்டைகளை மிக மெதுவாக ஒன்றோடொன்று மோதவிட்டுப் புகைப்படம் எடுத்து, மோதல் மெலிய மெலிய அவை இழக்கும் ஆற்றலும் குறைந்துகொண்டே போவதை 1918-ல் அமெரிக்காவின் பிசிகல் ரிவ்யூ இதழில் எழுதினார். உருண்டைக்கும் மூலக்கூறுக்கும் நேரடித் தொடர்பு ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த ஆண்டு அந்த ஊரில் எங்கே திரும்பினாலும் ஏதோ ஒன்று எதன்மேலோ மோதிக்கொண்டிருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

இளைஞர்கள் பக்கம் வருவோம். பிரெசிடென்சியில் 1915-ல் எம்.எஸ்ஸி. முடித்த கூட்டம் இந்திய அறிவியலில் தனிக் கூட்டம். கணிதத்தில் சத்தியேந்திர நாத் போஸ், மேகநாத் சாகா. ரசாயனத்தில் ஞான சந்திர கோஷ், ஞானேந்திர நாத் முகர்ஜி. நால்வரையும் ஆசுதோஷ் அறிவியல் கல்லூரிக்கு விரிவுரையாளர்களாக அழைத்துக்கொண்டார். போஸும் சாகாவும் 1918-ல் சேர்ந்து எழுதிய முதல் கட்டுரையே, மூலக்கூறுகளுக்குப் பருமன் இருப்பதால் வாயுவின் நடத்தை எப்படி மாறுகிறது என்பதைப் பற்றியது. லிவர்பூலில் லூயிஸின் கணக்குக்கு உயிராக இருந்த அதே பருமன்தான், இங்கே வேறொரு கேள்விக்காக மேசைமேல் கிடந்தது.

இவர்களுக்கு இரண்டாண்டு மூத்தவர் நீல் ரத்தன் தார். ராயின் சீடர்களில் வினைவேகத்தை முதலில் கையில் எடுத்தவர் அவர்தான். 1915-ல் லண்டன் போனார். 1917-ல் லண்டன் வேதியியல் கழக இதழில் வினையூக்கம் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். அவற்றில் ஒன்று வினையூக்கி சேர்ந்த வினைகளின் வெப்பநிலைக் குணகத்தைப் பற்றியது. அதாவது, பத்து டிகிரிக்கு வேகம் எத்தனை மடங்கு ஏறுகிறது என்ற அளவு. பார்வைக்கு வறட்சியான தலைப்புத்தான். ஆனால் மோதலின் பலிப்பு விகிதத்தை வெளியிலிருந்து தொட்டுப் பார்க்க அதைவிட நல்ல கருவி கிடையாது. வாசல் உயரமாக இருந்தால் வெப்பத்தின் செல்வாக்கு அதிகம். வாசல் தாழ்ந்தால் செல்வாக்கும் குறையும். வினையூக்கி வாசலைத் தாழ்த்துகிறது. அது மோதல்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை, பலிக்கும் மோதல்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. தார் பிறகு அலகாபாத்துக்குப் போய் ஒளிவேதியியலிலும் மண்ணிலும் மூழ்கிவிட்டார். அவருக்குத் தனி அத்தியாயம் உண்டு.

இந்த அத்தியாயத்தின் நாயகர் முகர்ஜி.

*

ஞானேந்திர நாத் முகர்ஜி 1893-ல் இன்றைய வங்கதேசத்தின் ராஜ்ஷாஹி மாவட்டத்தில் பிறந்தவர். அவர் எடுத்துக்கொண்டது கூழ்மம். ஒரு திரவத்தில் கரையாமலும் அடியில் படியாமலும் மிதக்கும் நுண்துகள்களின் கூட்டம். கலங்கிய ஆற்றுநீர், பால், மை எல்லாம் அந்த இனம். ஆய்வுக்கூடத்தில் அதற்குப் பெயர்போனது தங்கம். தங்கத்தை மிகச் சிறிய துகள்களாக்கி நீரில் மிதக்கவிட்டால் மாணிக்கச் சிவப்பாக இருக்கும். அதில் உப்பைப் போட்டால், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருக்கப் பருக்க, சிவப்பு ஊதாவாகி நீலமாகும். பிறகு அடியில் படியும். பாடநூல் மொழியில் திரிதல்.

இதில் வியப்பு, திரியாமல் இருப்பதுதான். மைக்கேல் ஃபாரடே 1850-களில் தயாரித்த தங்கக் கூழ்மம் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. அந்தத் துகள்கள் ஓய்ந்திருக்கவில்லை. நீர் மூலக்கூறுகளின் உதையில் நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக இடைவிடாமல் அலைந்துகொண்டிருக்கின்றன. ஒன்றையொன்று நெருங்கும்போதெல்லாம், தம்மேல் ஏறியிருக்கும் எதிர் மின்னூட்டம் தள்ளிவிடுகிறது. ஹைட்ரஜன் அயோடைடு மூலக்கூறு முட்டிவிட்டு விலகிப் போவதும் இதுவும் ஒரே கதையின் இரண்டு காட்சிகள். அங்கே வாசல் ரசாயனப் பிணைப்பால் ஆனது, இங்கே மின்விலக்கத்தால் ஆனது. ஒரு வித்தியாசம் முக்கியம்: தங்கத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம்.

அதைக் கணிதமாக்கியவர் போலந்தின் மரியன் ஸ்மொலுகோவ்ஸ்கி. 1916, 1917-ல் எழுதினார்; 1917 செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு நோயில், நாற்பத்தைந்து வயதில் இறந்துபோனார். அவர் முதலில் எடுத்துக்கொண்டது, போதிய உப்பு சேர்த்து மின்விலக்கத்தை முழுதாக அகற்றிவிட்ட நிலை. அப்போது முட்டியதெல்லாம் ஒட்டும். வேகத்தைத் தீர்மானிப்பது துகள்கள் எத்தனை விரைவில் சந்திக்கின்றன என்பது மட்டும்தான். விடையில் ஓர் அதிசயம் இருந்தது: துகள் பெரிதா சிறிதா என்பது கணக்கிலிருந்து கழன்றுவிடுகிறது. பெரிய துகள் மெதுவாக நகரும், ஆனால் முட்டுவதற்கு அகலமான இலக்கு. சிறியது வேகமாக நகரும், இலக்கு குறுகல். இரண்டும் ஈடுகட்டிக்கொள்கின்றன. மிஞ்சுவது துகள்களின் எண்ணிக்கை, வெப்பநிலை, திரவத்தின் பிசுப்பு. 25 டிகிரி நீரில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 100 கோடி துகள்கள் இருந்தால், சுமார் இரண்டரை நிமிடத்தில் எண்ணிக்கை பாதியாகிவிடும்.

உப்பு போதாமல் போனால்? பத்தாயிரம் முட்டல்களுக்கு ஒன்றுதான் ஒட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டரை நிமிட வேலைக்குப் பதினேழு நாளுக்கு மேல் பிடிக்கும். பலிக்கும் விகிதம் என்பது எத்தனை கனமான சொல் என்று இங்கே விளங்குகிறது.

போர் ஓய்ந்த 1919-ல் முகர்ஜியும் கோஷும் லண்டன் போனார்கள். முகர்ஜி யூனிவர்சிட்டி கல்லூரியில் பேராசிரியர் டோன்னனிடம் சேர்ந்தார். அந்த ஆண்டே உலோக சல்ஃபைடு கூழ்மங்களின் திரிதல் பற்றி என்.என். சென்னோடு அவர் எழுதிய கட்டுரை லண்டன் வேதியியல் கழக இதழில் வந்தது. துகள்களுக்கு இடையே உள்ள தூரம் கூழ்மத்தின் நிலைப்பை எப்படிப் பாதிக்கிறது என்பது அதன் கேள்வி. 1920-ல் பாப்பாகான்ஸ்டான்டினு என்ற சகாவோடு தங்கக் கூழ்மத்துக்கு வந்தார். நிறமாற்றத்தையே கடிகாரமாக வைத்துத் திரிதலின் வேகத்தைத் தொடர்வது, வெப்பநிலையால் அது எப்படி மாறுகிறது என்று பார்ப்பது, அதே கூழ்மத்தை மறுபடி மறுபடி ஒரே மாதிரி தயாரிக்க முடிகிறதா என்று சோதிப்பது. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தங்கக் கூழ்மம் தயாரிப்பவரின் கைப்பக்குவத்துக்கு ஏற்ப மாறிவிடும் பொருள். அதை வைத்து வேகத்தை அளக்கிறேன் என்பவர், முதலில் தன் கையை நம்பலாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முகர்ஜி கேட்டுக்கொண்டார்.

வெப்பநிலை ஏன் முக்கியம் என்பதைக் கல்கத்தாவின் பருவத்தை வைத்தே சொல்லலாம். ஜனவரிக் காலை 15 டிகிரி, மே மாத மதியம் 35 டிகிரி என்று கொள்வோம். பத்து டிகிரிக்கு இரட்டிக்கும் சாதாரண வினை இந்த இடைவெளியில் நான்கு மடங்கு வேகமாகும். முட்டியதெல்லாம் ஒட்டும் திரிதலோ ஒன்றே முக்கால் மடங்கைக்கூட எட்டாது. அந்த ஏற்றமும் பெரும்பாலும் சூட்டில் நீர் இளகுவதால் வருவது. ஆகவே ஒருவர் வெப்பநிலையோடு வேகம் மாறும் அளவை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும். அங்கே துகள்கள் சந்திப்பதற்காகக் காத்திருக்கின்றனவா, வாசலைத் தாண்டுவதற்காகக் காத்திருக்கின்றனவா என்று சொல்லிவிடலாம்.

1920 அக்டோபரில் ஃபாரடே கழகம் லண்டனில் கூழ்மங்களுக்காகப் பெரிய கலந்துரையாடல் நடத்தியது. முகர்ஜியின் கட்டுரை, துகளின் மேல் மின்னூட்டம் எங்கிருந்து வருகிறது, உப்பு அதை எப்படித் தணிக்கிறது என்பதைப் பற்றியது. எதிர்க்குறி அயனிகள் மின்கவர்ச்சியால் துகளின் மேற்பரப்பிலேயே வந்து பிடித்துக்கொள்கின்றன என்பது அவர் வாதம். நூறு ஆண்டு கழிந்தும் கூழ்மக்காரர்கள் இந்தப் பாதையில்தான் நடக்கிறார்கள், கணிதம் மட்டும் வளர்ந்திருக்கிறது.

எந்த அயனி என்பதைப் பொறுத்து விளைவு பெரிதும் மாறுகிறது. ஆர்சனிக் சல்ஃபைடு கூழ்மத்தைத் திரிக்கச் சமையலுப்பு எவ்வளவு வேண்டுமோ, அதில் எழுபதில் ஒரு பங்கு கால்சியம் குளோரைடே போதும். அலுமினியம் குளோரைடு என்றால் ஐந்நூற்றில் ஒரு பங்கு. கலங்கிய தண்ணீரில் படிகாரத்தைச் சுழற்றினால் ஏன் தெளிகிறது என்பதற்கு விடை அந்த அலுமினியத்தில் இருக்கிறது. நம்மவர்கள் படிகாரத்துக்கு முன்பே தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்த்தவர்கள். கலித்தொகையிலேயே அதற்குச் சான்று உண்டு. தேற்றாங்கொட்டையில் வேலை செய்வது உப்பல்ல, கொட்டையிலிருந்து கசியும் நீண்ட மூலக்கூறுகள். அவை இரண்டு மூன்று சேற்றுத் துகள்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. வழி வேறானாலும், முட்டி விலகியவற்றை ஒட்டவைப்பதே இரண்டின் வேலையும்.

கல்கத்தாக்காரருக்கு இதற்கு ஆய்வுக்கூடமே தேவையில்லை. ஊர் ஓரம் ஓடும் ஹூக்ளி பழுப்பு நிறத்தில் வண்டலைச் சுமந்து போகிறது. ஆற்றுநீரில் களிமண் துகள்கள் மின்விலக்கத்தால் விலகி மிதக்கின்றன. சாகர் தீவுப் பக்கம் கடலின் உப்பு கலந்ததும் அவற்றின் விலக்கம் அடங்கி, முட்டும்போது ஒட்டி, பருத்து, படிகின்றன. வங்கத்தின் கழிமுகச் சேற்றில் ஒரு பகுதி இப்படிச் சேர்ந்தது. முகர்ஜி 1921-ல் லண்டன் டி.எஸ்ஸி. பட்டத்தோடு ஊர் திரும்பி, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் கைரா பேராசிரியரானார். பிறகு தங்கத்தை விட்டுக் களிமண்ணுக்கே வந்துவிட்டார். மண்ணின் அமிலத்தன்மை, களித்துகள்களின் மேற்பரப்பில் அயனிகள் இடம் மாறுவது என்று அடுத்த இருபது ஆண்டுகள் ஓடின. 1934-ல் கல்கத்தாவில் இந்திய மண்ணியல் கழகம் தொடங்கியபோது முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். அதற்குப் பத்தாண்டு முன்பு, 1924-ல், ராயைத் தலைவராகக் கொண்டு இந்திய வேதியியல் கழகம் பிறந்ததிலும் அவர் பங்கு பெரிது. லண்டனில் இருந்த நாட்களில் முகர்ஜி, கோஷ், பட்நாகர் மூவரும் பேசிப் பேசி உருவாக்கிய யோசனை அது.

சாகாவை ஒரு பத்தியில் சொல்லாமல் விட முடியாது. சூரியனின் சூட்டில் கால்சியம் அணு ஓர் எலெக்ட்ரானை இழப்பதை அவர் ஒரு ரசாயன வினையாகவே எடுத்துக்கொண்டார். அணு ஒரு பக்கம், அயனியும் எலெக்ட்ரானும் மறுபக்கம், அயனியாக்கத்துக்கு வேண்டிய ஆற்றல் வினைவெப்பத்தின் இடத்தில். 1920-ல் கல்கத்தாவிலிருந்து அனுப்பிய கட்டுரையில் வந்த அந்தச் சமன்பாடு உலகப் புகழ் பெற்றது. அது வேகத்தைச் சொல்வதில்லை, சமநிலையை மட்டுமே சொல்கிறது. எனவே இந்த அத்தியாயத்தின் ஓரத்தில்தான் நிற்கிறது. ஆனால் ரசாயனக் கணக்கை விண்மீனுக்கு நீட்டும் துணிச்சல், ராயின் மாணவர்களோடு ஒரே கூரையின்கீழ் வேலை செய்தவருக்கு வந்ததில் எனக்கு வியப்பில்லை.

முகர்ஜி 1945-ல் டெல்லி போய் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநரானார், 1964-ல் பத்மபூஷண் பெற்றார், 1983-ல் காலமானார். நம்மூர் மாணவர்கள் அவர் பெயரைக் கேட்டிருக்க வாய்ப்பு குறைவு. டிராவுட்ஸும் லூயிஸும் நமக்குப் பாடநூல் வழியாக வந்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத மோதலை வைத்து அவர்கள் போட்ட கணக்கின் தெரியும் பாதியைக் கல்கத்தாக்காரர் ஒருவர் கண்ணாடிக் குழாயில் நிறமாக அளந்துகொண்டிருந்தார் என்பது அதில் இல்லை.

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் நூலில் மோதல் கொள்கை முதல் தொகுதியின் ஏழாம் அலகில் இருக்கிறது. கூழ்மமும் திரிதலும் இரண்டாம் தொகுதியின் பத்தாம் அலகில். நடுவே பல மாதங்கள் கடந்துவிடும். ஒன்றுக்கொன்று சம்பந்தம் உண்டென்று மாணவருக்குத் தோன்றவே தோன்றாது. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏழாம் அலகு நடத்தும் வாரத்திலேயே ஒரு வாளிக் கலங்கல் நீரும், கொஞ்சம் சமையலுப்பும், கொஞ்சம் படிகாரமும் வகுப்புக்குக் கொண்டுபோங்கள். எது எவ்வளவு சேர்த்தால் எத்தனை நிமிடத்தில் தெளிகிறது என்று மாணவர்களையே குறிக்கச் சொல்லுங்கள்.